மூத்த மருத்துவர்கள் ஏன் குறைவாக நினைவுகூர்ந்தார்கள்? நோயறியும் திறன் ஆய்வில் கோட்பாட்டின் பங்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

மருத்துவக் கல்வி ஆய்வில் கோட்பாட்டுக்கு என்ன வேலை என்ற கேள்விக்குக் கட்டுரைகளின் முன்னுரைகளை மட்டும் படித்துவிட்டு விடை சொல்வதானால், இரண்டு அறிஞர் பெயர்களைச் சேர்த்துக் கட்டுரைக்குக் கனம் கூட்டுவதுதான் அதன் வேலை என்று எண்ணத் தோன்றும். டேவிட் குக், ஜார்ஜ் போர்டாஜ், ஹென்க் ஷ்மிட் ஆகிய மூவரும் இத்துறையில் 2003, 2004 ஆண்டுகளில் வெளியான 105 சோதனைமுறைக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவை எந்த நோக்கத்துக்காகச் செய்யப்பட்டவை என்று வகைபிரித்து 2008இல் வெளியிட்டார்கள். 'இதைச் செய்தோம்' என்று விவரிப்பவை 16 விழுக்காடு. 'இதனால் பயன் உண்டா' என்று சோதிப்பவை 72 விழுக்காடு. 'இது ஏன், எவ்வாறு பயன் தருகிறது' என்று தெளிவுபடுத்த முற்படுபவை வெறும் 12 விழுக்காடு. புதிய பயிற்சி ஒன்றை நடத்தினோம், மாணவர்களுக்குப் பிடித்திருந்தது, தேர்வில் மதிப்பெண் கூடியது என்று முடியும் கட்டுரையால் அந்தக் கல்லூரிக்கு நன்மை கிடைக்கலாம். அடுத்த கல்லூரி அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கும்.

அந்தச் சிறுபான்மை வகையைச் சேர்ந்த ஓர் ஆய்வு வரிசையை இங்கே விரிவாகப் பார்க்கலாம். தேர்ந்த மருத்துவர் நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பது அதன் கேள்வி. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகனில் தொடங்கி, கனடாவின் மெக்மாஸ்டர், மெக்கில் பல்கலைக்கழகங்கள் வழியாக நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் வரை சென்ற இந்த வரிசையில், பொய்த்துப்போன கோட்பாடு ஒன்றும், வேறு துறையிலிருந்து இரவல் வாங்கிய கோட்பாடு ஒன்றும், யாரும் எதிர்பாராத ஒரு முடிவும், அந்த முடிவைத் தூக்கி எறியாமல் அதையே பிடித்துக்கொண்டு மேலே சென்ற ஒரு குழுவும் இருக்கின்றன. கோட்பாடு ஆய்வை வழிநடத்துகிறது என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது உண்மையில் நடப்பது என்ன என்பதை இந்த வரிசையில் படிப்படியாகக் காணமுடிகிறது.

பொதுத் திறன் என்ற நம்பிக்கை

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் எல்ஸ்டைன், லீ ஷுல்மன், சாரா ஸ்ப்ராஃப்கா ஆகியோர் நடத்திய ஆய்வு 1978இல் நூலாக வந்தது. மூவரும் உளவியல், கல்வியியல் பின்னணி கொண்டவர்கள். அக்காலத்தில் ஆலன் நியூவெலும் ஹெர்பர்ட் சைமனும் வளர்த்தெடுத்த தகவல் செயலாக்கக் கோட்பாடு, மனிதர்கள் சிக்கல்களைத் தீர்க்கும் முறையைக் கணினி நிரலைப் போலப் படிப்படியாக எழுதிக்காட்டலாம் என்ற நம்பிக்கையை ஊட்டியிருந்தது. சிக்கல் தீர்க்கும் திறன் என்று பொதுவான ஒன்று இருக்குமானால், நோயறிவதில் கைதேர்ந்தவர் என்று சக மருத்துவர்கள் சுட்டும் ஒருவரிடம் அது கூடுதலாகவும், சாதாரண மருத்துவரிடம் குறைவாகவும் இருக்கவேண்டும். அதை அளக்கவும் கற்பிக்கவும் முடியவேண்டும். ஆய்வின் அமைப்பே இந்த எதிர்பார்ப்பிலிருந்து பிறந்தது. சக மருத்துவர்கள் சிறந்தவர்கள் என்று பெயர் சொன்னவர்களையும் அவ்வாறு சொல்லாதவர்களையும் இரு குழுக்களாக எடுத்து, நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை அவர்கள் முன் உட்காரவைத்தார்கள். சந்திப்பை ஒளிப்பதிவு செய்து, பின்னர் அதையே திரையிட்டு, அந்தந்த இடத்தில் மனத்தில் என்ன ஓடியது என்று கேட்டார்கள்.

கிடைத்தவை இரண்டு. சந்திப்பு தொடங்கிய சில நிமிடங்களிலேயே மருத்துவர்கள் எல்லோரும் நான்கைந்து கருதுகோள்களை வைத்துக்கொண்டு, அவற்றைச் சோதிக்கும் வகையில் கேள்விகளை அமைத்துக்கொண்டார்கள். எல்லாத் தகவல்களையும் திரட்டிய பிறகே முடிவுக்கு வரவேண்டும் என்று பாடநூல்கள் சொல்லிவந்ததற்கு இது நேர் எதிரானது. ஆனால் மனிதனின் செயல் நினைவகம், அதாவது ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி வேலை செய்யும் இடம், சிறியது என்ற கோட்பாட்டுக்கு முற்றிலும் பொருந்துவது. அந்த அளவில் கோட்பாடு வென்றது. மற்றொன்றில் தோற்றது. இப்படிக் கருதுகோள் வைத்துச் சோதிக்கும் முறையில் சிறந்தவர் குழுவுக்கும் மற்றவர் குழுவுக்கும் வேறுபாடு தென்படவில்லை. அதைவிட முக்கியமாக, ஒரு நோயாளியிடம் திறமையாகச் செயல்பட்ட மருத்துவர் அடுத்த நோயாளியிடமும் அவ்வாறே செயல்படுவார் என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. பின்வந்த ஆய்வுகளிலும் ஒரு நோயாளிக்கும் மற்றொரு நோயாளிக்கும் இடையிலான மதிப்பெண் ஒட்டுறவு (முழுப் பொருத்தம் இருந்தால் 1, தொடர்பே இல்லாவிட்டால் 0) பெரும்பாலும் 0.1 முதல் 0.3 வரையிலேயே நின்றது. பொதுத் திறன் என்று ஒன்று இருந்திருந்தால் இந்த எண் இவ்வளவு கீழே கிடக்க முடியாது.

1981இல் மெக்மாஸ்டரில் விக்டர் நியூஃபெல்ட், ஜெஃப்ரி நார்மன், ஹோவர்ட் பாரோஸ் உள்ளிட்டோர் இதே கேள்வியை மாணவர்களிடம் வைத்தார்கள். கருதுகோள் அமைக்கும் முறையை முதலாண்டு மாணவரும் அறிந்திருந்தார். படிப்பு முன்னேறியபோது முறை மாறவில்லை, கருதுகோள்களின் தரமே மாறியது. நார்மன் அணு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று மருத்துவக் கல்விக்கு வந்தவர் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். முன்கூட்டியே கணித்த எண் வராவிட்டால் கணிப்பைத்தான் சந்தேகிக்கவேண்டும் என்ற பழக்கம் அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

தோல்வியின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. சிறந்த மருத்துவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று பார்ப்போம் என்ற பொத்தாம்பொதுவான ஆர்வத்தோடு இறங்கியிருந்தால், வேறுபாடு இல்லை என்ற முடிவு ஒரு மூலையில் கிடந்திருக்கும். வேறுபாடு இருந்தே தீரவேண்டும் என்று ஒரு கோட்பாடு வாக்குக் கொடுத்திருந்ததால்தான், இல்லை என்பது செய்தியாயிற்று.

சதுரங்கத்திலிருந்து வந்த இரவல்

முறையில் வேறுபாடு இல்லையென்றால் வேறுபாடு அறிவில் இருக்கவேண்டும். அறிவின் அளவிலா, அது மனத்தில் அடுக்கப்பட்டிருக்கும் விதத்திலா? இதற்கான கருவி சதுரங்க ஆய்விலிருந்து வந்தது. டச்சு உளவியலாளர் அட்ரியான் டி க்ரூட் 1940களில் செய்த பணியைத் தொடர்ந்து, வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டமொன்றின் நடுக்கட்டப் பலகையை 5 விநாடிகள் காட்டி மறைத்ததும், தேர்ந்த ஆட்டக்காரர் ஏறத்தாழ 16 காய்களைச் சரியான இடத்தில் வைத்தார். தொடக்க நிலையிலிருப்பவரால் 4 காய்களையே வைக்கமுடிந்தது. காய்களைக் கண்டபடி இறைத்த பலகையைக் காட்டியபோது இந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்தது. தேர்ந்தவர் தனித்தனிக் காய்களைப் பார்ப்பதில்லை, பொருளுள்ள கூட்டங்களாகப் பார்க்கிறார் என்பது அதன் விளக்கம்.

இதை மருத்துவத்துக்குக் கொண்டுவருவது எளிதாகத் தோன்றியது. பலகைக்குப் பதில் ஒரு நோயாளியின் விவரம். காய்களுக்குப் பதில் அறிகுறிகள். படிக்கக் கொடுத்து, வாங்கி வைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொல்லலாம். அனுபவம் கூடக்கூட நினைவில் நிற்பதும் கூடும் என்பது கணிப்பு. 1970களின் இறுதியிலிருந்து பல இடங்களில் இது செய்யப்பட்டது. கணிப்பு பலிக்கவில்லை. சில ஆய்வுகளில் மாணவருக்கும் நிபுணருக்கும் வேறுபாடே இல்லை; வேறு சிலவற்றில் முதலாண்டு மாணவரைவிட இறுதியாண்டு மாணவர் கூடுதலாக எழுத, பல்லாண்டு அனுபவமுள்ள நிபுணர் இறுதியாண்டு மாணவரைவிடக் குறைவாக எழுதினார். ஆனால் நோயைச் சரியாகச் சொன்னவர் நிபுணர்தான். வரைபடத்தில் இட்டால், நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழும் வளைவு கிடைத்தது. இடைநிலை விளைவு என்று அதற்குப் பெயர் வந்தது.

பூனை கடித்ததாகச் சொன்ன இளைஞர்

இக்கட்டத்தில் பயன்பட்ட நோயாளி விவரங்களில் மிகவும் பேர்பெற்ற ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். மெக்கிலில் விம்லா பட்டேலும் கை க்ரோயனும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் அது வருகிறது. வேலையில்லாத 27 வயது இளைஞர், நான்கு நாட்களாகக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முந்தைய நாள் வலக்கண் பார்வை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் மங்கி மீண்டது. இரத்த அழுத்தம் 110/40. இடது முழங்கையின் உட்புறத்தில் குத்திய தழும்புகள் தெரிகின்றன. ஒரு வாரத்துக்கு முன் நண்பர் வீட்டில் பூனை கடித்துவிட்டது என்று அவராகவே சொல்கிறார். பெருந்தமனி வால்வுப் பகுதியில் இதயம் விரியும் நேரத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்கிறது. விழித்திரையில் தீச்சுடர் வடிவில் இரத்தக் கசிவு இருக்கிறது.

குத்திய தழும்பையும் பூனைக் கதையையும் சேர்த்துப் படிக்கும் அனுபவசாலி, ஊசிவழிப் போதைப்பழக்கம் என்று உடனே எடுத்துக்கொள்வார். அழுக்கேறிய ஊசி, இரத்தத்தில் கிருமி, வால்வில் தொற்று, அங்கிருந்து உதிர்ந்த துகள்கள் கண்ணுக்குப் போனது என்று எல்லாம் ஒரே இழுப்பில் வந்துவிடும்: பாக்டீரியாவால் ஏற்பட்ட கடுமையான எண்டோகார்டைட்டிஸ், அதாவது இதய உட்சவ்வு அழற்சி. பட்டேலும் க்ரோயனும் ஏழு இதயநோய் நிபுணர்களிடம் இதைக் கொடுத்தபோது நால்வர் சரியாகச் சொன்னார்கள். அந்த நால்வரின் விளக்கங்களும் அறிகுறியிலிருந்து நோயை நோக்கி முன்னே மட்டுமே சென்றன. தவறியவர்களின் விளக்கங்களில், நோயை முதலில் ஊகித்துவிட்டு அதற்கேற்ற அறிகுறியைத் தேடிப் பின்னோக்கிப் போன இடங்கள் கலந்திருந்தன. மிச்சிகன் ஆய்வு எல்லோருக்கும் பொதுவென்று சொன்ன கருதுகோள் முறை, தெரிந்த துறையில் தேர்ந்தவருக்குத் தேவைப்படாமலே போகலாம் என்பது இதிலிருந்து கிடைத்தது.

மாஸ்ட்ரிக்டில் ஹென்க் ஷ்மிட்டும் ஹென்னி போஸ்ஹவ்சனும் எடுத்துக்கொண்ட புதிர், நிபுணர் ஏன் குறைவாக நினைவுகூர்கிறார் என்பது. மூத்தவர்களுக்கு வயதானதால் நினைவு மங்கியது என்றோ, இத்தகைய சோதனைகளில் அவர்கள் அக்கறை காட்டுவதில்லை என்றோ சொல்லி முடித்திருக்கலாம். அப்படிச் சொல்ல ஆசை எழுவது இயல்பும்கூட. அவர்கள் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார்கள். மாணவர் உடலியங்கியல், நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் என்று கற்ற நீண்ட காரணச் சங்கிலிகள், நோயாளிகளை மீண்டும் மீண்டும் பார்ப்பதனால் ஒருசில உயர்நிலைக் கருத்துகளுக்குள் பொதிந்துவிடுகின்றன. கிருமி இரத்தத்தில் கலந்து பெருகி, நஞ்சுகள் வெளிப்பட்டு, உடல் வெப்பம் ஏறி, நாளங்கள் விரிந்து என்று மாணவர் ஆறு வரிகளில் எழுதுவதை நிபுணர் 'செப்சிஸ்' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார். சங்கிலி அழிந்துவிடவில்லை, மூட்டைக்குள் இருக்கிறது. இதை அறிவுப் பொதிவுக் கோட்பாடு என்று இங்கே அழைக்கலாம்.

பின்னோக்கி விளக்கம் சொல்வது எந்தக் கோட்பாட்டுக்கும் கைவந்த கலை. இதன் தகுதி, புதிய கணிப்பைத் தந்ததில் இருக்கிறது. மாணவர் நிறைய நினைவுகூர்வது, ஒவ்வோர் அறிகுறியையும் நீண்ட காரணத் தொடரோடு கட்டிப் பார்ப்பதனால் என்றால், அந்தக் கட்டும் வேலைக்கு நேரம் வேண்டும். நேரத்தைப் பறித்தால் மாணவரின் நினைவு சரியவேண்டும். பொதிந்த கருத்துகளைக் கொண்டு வேலை செய்யும் நிபுணருக்குப் பெரிய இழப்பு இருக்கக்கூடாது. வயதோ அக்கறையின்மையோ காரணம் என்றால் நேரத்தைக் குறைப்பதால் வளைவின் வடிவம் மாறவேண்டிய அவசியமில்லை. 1993இல் வெளியான சோதனையில், வெவ்வேறு நிலை மாணவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் நோயாளி விவரத்தைப் படிக்க 3 நிமிடம் 30 விநாடி, 1 நிமிடம் 15 விநாடி, 30 விநாடி என்று மூன்று அளவுகளில் நேரம் கொடுக்கப்பட்டது. நீண்ட நேரத்தில் பழைய வளைவு அப்படியே வந்தது. 30 விநாடியில் மாணவரின் நினைவு இறங்க, நிபுணர் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நின்றார், நடுமேடு கரைந்தது. விளக்கத்தை எழுதச் சொன்னபோதும் மாணவர் நீளமாகவும், நிபுணர் சுருக்கமாகவும், ஆனால் உயர்நிலைக் கருத்துகளோடும் எழுதினார்கள்.

ஓராண்டு முன்பு, 1992இல், அவர்களே கணையம் தொடர்பான ஒரு நோயாளியை வைத்து, வாய்விட்டுச் சிந்திக்கச் சொல்லிப் பார்த்திருந்தார்கள். சிந்திக்கும்போது நிபுணர் அடிப்படை அறிவியலை மாணவரைவிட மிகக் குறைவாகவே தொட்டார். பின்னர், அடியில் இருக்கும் காரணங்களை விளக்குங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டதும், எல்லோரையும்விட ஆழமாக விளக்கியவர் அவரே. மூட்டை அவிழ்க்கக்கூடியது என்பதற்கு இது சான்றாயிற்று.

வகுப்பறைக்கும் தேர்வறைக்கும்

மருத்துவம் பார்க்கும்போது நிபுணர் அடிப்படை அறிவியலை நாடுவதில்லையென்றால், அதை ஏன் ஆண்டுக்கணக்கில் கற்பிக்கவேண்டும் என்று பாடத்திட்டக் குழுக்களில் அவ்வப்போது எழும் கேள்விக்குப் பொதிவுக் கோட்பாடு ஒரு விடையைத் தருகிறது: அறிகுறிகளைச் சேர்த்துக் கட்டும் கயிறு அதுவே. இதிலிருந்தும் சோதிக்கத்தக்க கணிப்பு பிறந்தது. நிக்கோல் வுட்ஸ், லீ ப்ரூக்ஸ், நார்மன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் நரம்பு, தசை நோய்கள் நான்கின் அறிகுறிகளைக் காரண விளக்கத்தோடு கற்றார்கள். மற்றொரு குழுவினர் அறிகுறிப் பட்டியலாகக் கற்றார்கள். கற்ற உடனே வைத்த தேர்வில் இரு குழுக்களும் சமம். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் பட்டியல் குழு சரிந்தது. காரணம் கற்ற குழு தன் நிலையைக் காத்துக்கொண்டது. ஒரு வாரம் பொறுத்துத் தேர்வு வைக்கவேண்டும் என்று அவர்களுக்குச் சொன்னது கோட்பாடு. பயிற்சி முடிந்த கையோடு வினாத்தாளை நீட்டும் வழக்கமான ஆய்வாக இருந்திருந்தால், இரண்டு முறைகளும் ஒன்றே என்று எழுதி முடித்திருப்பார்கள்.

தேர்வுமுறை அடைந்த மாற்றம் இன்னும் பெரியது. பொதுத் திறன் கோட்பாடு செல்வாக்கோடு இருந்த காலத்தில், அமெரிக்காவில் மருத்துவ உரிமத் தேர்வில் நோயாளி மேலாண்மை வினா என்ற வடிவம் பயன்பட்டது. தாளில் நோயாளியின் முதற்குறிப்பு இருக்கும்; எந்தக் கேள்வி கேட்கலாம், எந்தப் பரிசோதனை செய்யலாம் என்ற நீண்ட பட்டியலில் தேர்வர் ஒன்றைத் தேர்ந்து அதன்மேல் தனி வகைப் பேனாவால் தீட்டினால், மறைந்திருந்த விடை தெரியும். பரிந்துரைக்கப்பட்டவற்றில் எத்தனையைத் தொட்டார் என்பதைக் கொண்டு மதிப்பெண். நேராகச் சென்று நோயைப் பிடிக்கும் அனுபவசாலிகள், பட்டியல் முழுவதையும் தீட்டும் மாணவர்களைவிடக் குறைவாக வாங்கிய விந்தை சில ஆய்வுகளில் பதிவாயிற்று. நீளமான ஒரு வினாவில் கிடைத்த மதிப்பெண் அடுத்த வினாவைப் பற்றி அதிகம் சொல்லாது என்பதும் சேர்ந்துகொண்டது. 1980களின் இறுதியில் அந்த வடிவம் கைவிடப்பட்டது. கனடாவில் கோர்டன் பேஜும் ஜார்ஜ் போர்டாஜும், ஒரு நோயாளியிடம் தவறு நேரக்கூடிய முக்கிய முடிவுகளை மட்டும் கேட்டு, அவ்வாறு பல நோயாளிகளை ஒரே தேர்வில் அடக்கும் வினா வடிவத்தை உருவாக்க, கனடா மருத்துவக் குழு தன் தகுதித் தேர்வில் அதை ஏற்றுக்கொண்டது.

நம் மருத்துவக் கல்லூரிகளின் செய்முறைத் தேர்வில் 'லாங் கேஸ்' இன்றும் பெரும் எடை தாங்குகிறது. வார்டில் ஒதுக்கப்பட்ட ஒரே நோயாளியிடம் நெடுநேரம் வரலாறு கேட்டு, பரிசோதித்து, தேர்வாளர் முன் நின்று சொல்லவேண்டும். எந்தக் கேஸ் விழும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்று மாணவர்கள் பேசிக்கொள்வது வெறும் புலம்பல் இல்லை. மிச்சிகன் ஆய்வு எண்ணால் சொன்னதும் அதுவே. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் வெளியிட்ட, பல சிறு நிலையங்களை வரிசையாகக் கடந்து செல்லும் 'ஆஸ்கி' தேர்வு பரவியதற்கு இந்தக் கண்டுபிடிப்பும் ஒரு வலுவான துணை. 2019 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டத்தை ஒட்டி ஆஸ்கி பற்றிய பேச்சு கல்லூரிகளில் கூடியிருக்கிறது. லாங் கேஸை அடியோடு நீக்கவேண்டும் என்று நான் கருதவில்லை. ஒரு நோயாளியை முழுமையாகப் பார்க்கும் பழக்கத்துக்கு வேறு மாற்று இல்லை. ஒரே கேஸின் மதிப்பெண்ணைக் கொண்டு தேர்ச்சியா தோல்வியா என்று முடிவு செய்வதைத்தான் இந்த ஆய்வுகளுக்குப் பிறகு நியாயப்படுத்த முடியவில்லை.

கோட்பாடு கண்ணை மறைத்த இடங்கள்

இந்த வரிசையைக் கோட்பாட்டின் வெற்றிக் கதையாக மட்டும் எழுதினால் அது பாதி உண்மையே ஆகும். நோயாளி மேலாண்மை வினாவை இத்தனை ஆண்டுகள் தாங்கி நின்றதும் ஒரு கோட்பாடுதான். அனுபவசாலிகள் குறைவாக வாங்கினாலும் வினாவின் மேல் சந்தேகம் வரத் தாமதமானதற்கு, முறையாகவும் முழுமையாகவும் தகவல் திரட்டுவதே திறன் என்ற நம்பிக்கை ஒரு காரணம்.

பொதிவுக் கோட்பாட்டுக்கும் உறுத்தலான சான்றுகள் உண்டு. நார்மன், ப்ரூக்ஸ், ஆலன் ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வில் கதை வடிவ விவரத்துக்குப் பதிலாகச் சிறுநீரக நோயாளிகளின் ஆய்வக எண்களைக் கொடுத்தபோது, நடுமேடு வரவில்லை. சதுரங்கத்தில் போல நிபுணர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். எண்களிடையே உள்ள உறவு முக்கியமாகும்போது நிபுணர் மூட்டையை அவிழ்த்து நுணுக்கமாகப் பார்க்கிறார் என்று பதில் சொல்லலாம். சொல்லவும் செய்தார்கள். ஆனால் நினைவு குறைந்தாலும் கூடினாலும் பொருந்தும் விளக்கத்தை ஏற்கும்போது, எப்போது குறையும், எப்போது கூடும் என்பதை முன்னதாகச் சொல்லும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கவேண்டியிருக்கிறது.

இதைவிடக் கடினமான கேள்வி 2006இல் வந்தது. ஒரு நோயாளியிடம் சரியாகச் செய்பவர் அடுத்தவரிடம் தவறுவது ஏன் என்பதற்கு, முதல் நோய் குறித்த அறிவு இருக்கிறது, இரண்டாவது குறித்து இல்லை என்பதே அதுவரை எல்லோரும் ஏற்ற விளக்கம். நோய்க்கு ஒன்றாக முழுமையான சித்திரங்கள் மனத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்ற கருத்தும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. நார்மன், போர்டாஜ், பேஜ், கீன் ஆகியோர் கனடா தகுதித் தேர்வின் முக்கிய முடிவு வினாக்களை எடுத்து மதிப்பெண் வேறுபாட்டைப் பகுத்துப் பார்த்தார்கள். ஒரு நோயாளிக்கும் மற்றொரு நோயாளிக்கும் இடையே இருப்பதைவிட, ஒரே நோயாளியைப் பற்றிய ஒரு வினாவுக்கும் அடுத்த வினாவுக்கும் இடையிலான வேறுபாடே பெரிதாக இருந்தது. நோயைச் சரியாகச் சொன்ன தேர்வர், அதே நோயாளிக்கு எந்த மருந்து என்ற அடுத்த வரியில் தடுமாறினார். சித்திரம் முழுதாக இருந்தால் விடைகள் ஒன்றாக நிற்கவோ ஒன்றாக விழவோ வேண்டும். அறிவு இருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டிலும், அந்த நொடியில் அது கைக்கு வருகிறதா என்பதே காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் இதனால் எழுகிறது. அப்படியானால் அளக்கவேண்டியது வேறொன்று. வினாத்தாள் அமைப்பவர்களுக்கு உடனடியாகக் கிடைத்த பயன், ஒரு நோயாளிக்கு ஒரே வினா என்று நிறுத்தாமல் இரண்டு அல்லது மூன்று கேட்பது சிக்கனமானது என்ற கணக்கு. அந்த இரண்டு மூன்று விடைகள் ஏன் ஒன்றோடொன்று இவ்வளவு ஒட்டாமல் நிற்கின்றன என்பதைப் பொதிவுக் கோட்பாட்டாளர்கள்தான் இனி விளக்கவேண்டும்.